இல்லாத பிரேக்

திண்டிவனம் தாண்டியாச்சு, இவரு இன்னும் வாயத் திறக்கல. பாலம் ஏறும்போது கியரக் குறைக்காம இழுத்தேன், வண்டி முக்கி முனகி ஏறுச்சு, அதுக்கும் ஒண்ணும் சொல்லல. இறங்கும்போது ஒரு குட்டியானை லோடு வண்டிக்காரன் கையும் காட்டாம லைட்டும் போடாம குறுக்க வந்தான், அவனையும் ஒண்ணும் சொல்லல. கலியபெருமாள் ஒரு குட்டியானைக்காரனத் திட்டாம விட்டாருன்னு எங்க தெருவுல போய்ச் சொன்னா யாராவது நம்புவாங்களா. மின்வாரிய ஆபீஸ்ல இவருக்கு ரேடியோன்னுதான் பேரு, ரிட்டயர் ஆன அன்னிக்கு மேடையிலயே ஒருத்தரு ‘இன்னியோட நம்ம ரேடியோ நிலையம் மூடப்படுது’ன்னு சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, இவரும் சிரிச்சாரு, வீட்டுக்கு வந்து அந்த நிலையத்த எனக்கு மட்டும்னு திறந்து வெச்சுட்டாரு. ரோட்டப் பத்தி ஒரு அபிப்பிராயம், ரோட்டுல போறவனப் பத்தி ஒரு அபிப்பிராயம். லாரிக்காரன் வலது பக்கத்த விடமாட்டான், ஏன்னா இடது பக்கம் பூரா டீக்கடைக்கு நிக்கிற வண்டி, அதனால அவன் மேல தப்பில்ல, ஆம்னி பஸ்காரன் மேலதான் தப்பு. அவன் மேலயும் இல்ல, உள்ள படுத்துக்கிட்டு எப்ப போய்ச் சேருவோம் எப்ப போய்ச் சேருவோம்னு கேக்கிறான் பாரு, அவன் மேல தப்பு. மேப்புல பேசுற பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது, அவ என்னிக்கு மேல்மருவத்தூர் கூட்டத்துல மாட்டியிருக்கா. செல்போன் வந்து மனுசனுக்கு வழி கேக்கத் தெரியாமப் போச்சு, ஏசி வந்து கண்ணாடிய இறக்கத் தெரியாமப் போச்சு, மிக்ஸி வந்ததுலேருந்து சட்னியில ருசி இல்ல. டோலுக்கு வந்த ஃபாஸ்டேக் ஒண்ணுதான் உருப்படி, சில்லறைக்குப் பதிலா மிட்டாய் குடுத்து ஏமாத்த முடியாது. இப்படியே பெருங்களத்தூர்லேருந்து வந்துச்சு, நானும் ஸ்டியரிங்க கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ம் ம்னு வந்தேன், அச்சரப்பாக்கத்துக்கிட்ட டிகிரி காபி கடையில நிறுத்துற வரைக்கும். டபராவ இடது கையில பிடிச்சுக்கிட்டு, இன்னும் குழறல் போகாத வாயால, அது வரைக்கும் நான் செஞ்ச தப்ப எல்லாம் வரிசையா எடுத்து விட்டாரு. செங்கல்பட்டுல எங்க தப்பா ஒதுங்கினேன், மதுராந்தகத்துல எந்த பஸ்ஸுக்கு வழி விட்டிருக்கக் கூடாது, எல்லாம். பக்கத்து டேபிள்ல ஒரு குடும்பம் பூரி தின்னுக்கிட்டே கேட்டுச்சு. எனக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியல. ‘கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வர்றீங்களா’ன்னு கேட்டுட்டேன். ‘நீங்க பேசப் பேசத்தான் எனக்குக் கை நடுங்குது’ன்னும் சொல்லிட்டேன். கல்லாவுல இருந்தவரு தலையத் தூக்கிப் பாத்தாரு. இவரு காபிய வெச்சுட்டாரு, பாதிதான் குடிச்சிருந்தாரு. கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து ஏத்தினேன், பெல்ட்டு மாட்டினேன், வலது காலத் தூக்கி உள்ள வெச்சு, அடியில துண்ட மடிச்சுக் குடுத்தேன். முகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ண மூடினாரு. அதுக்கப்புறம் பேச்சு இல்ல.

தூங்குறாரு. கோவத்துல கண்ண மூடினவரு அப்படியே தூங்கிட்டாரு, வெயிலு அப்படி. காபி குடிச்சா தூக்கம் வருமான்னா, இவருக்கு வரும். எதிர்ல வெள்ளரிப் பிஞ்சு வெச்சிருக்கிறவங்க கூடையத் தூக்கித் தூக்கிக் காட்டுறாங்க, தார் ரோட்டுல தண்ணி ஊத்தின மாதிரி மினுக்குது, கிட்டப் போனா ஒண்ணும் இல்ல. தூங்கினா நல்லதுதானே. நான் ஓட்டும்போது இவரு தூங்குறாருன்னா எவ்வளவு பெரிய விசயம். முப்பது வருசத்துல ஒரு தடவைகூட பக்கத்து சீட்டுல உக்காந்து கண்ண மூடினதில்ல. யாரு ஓட்டினாலும் சரி, பையன் ஓட்டினாலும் சரி, இவரு வலது கால் சும்மா இருக்காது, முன்னாடி ஒருத்தன் பிரேக் லைட்டு போட்டா இவரு இங்கேருந்து மிதிப்பாரு, வெறும் தரைய. அந்த இடத்துல ரப்பர் மேட்டு தேஞ்சு ஓட்டையே விழுந்துருச்சு. பெரம்பலூர்ல எனக்கு வண்டி கத்துக் குடுத்தப்ப நான் என் பிரேக்க மிதிச்சதவிட இவரு அந்த இல்லாத பிரேக்க மிதிச்சதுதான் அதிகம், ‘உங்க பக்கமும் ஒண்ணு வெச்சுத் தரச் சொல்லவா’ன்னு பையன் இளம்பரிதி கிண்டல் பண்ணுவான். இன்னிக்கு அந்த பிரேக்கும் இல்ல. அந்தக் கால் போன மாசியில நின்னு போச்சு. மாசியிலதான், டிவியில ஒரு செய்தி வாசிக்கிற பொண்ணத் திட்டிக்கிட்டிருந்தாரு, ‘இவளுக்கு ழகரமே வரல’ன்னு, நான் அடுப்படியில, பேச்சு நடுவுல நின்னு போச்சு. நின்ன உடனே ஓடினேன். தோசை கல்லுல கிடக்க ஓடினேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்துச்சு. எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்கன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க, பேச்சு நின்னுச்சு டாக்டர்ன்னேன், அவருக்குப் புரியல. இவரு பேச்சு நின்னா ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம், அது எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம். இன்னிக்கு நானே வாய மூடச் சொல்லிட்டேனே. இப்ப இது கோவமா, தூக்கமா, இல்ல மறுபடியும் அதுவான்னு எத வெச்சுச் சொல்றது. இருந்த ஒரு அடையாளத்தையும் கெடுத்துக்கிட்டியேடி வேணி.

‘என்னங்க.’ மெதுவாத்தான் கூப்பிட்டேன். பதில் இல்ல. கோவத்துல இருந்தாலும் பதில் வராது, தூங்கினாலும் வராது. சத்தமா கூப்பிடலாம், ஆனா நெசமாவே தூங்கிக்கிட்டிருந்தா? ஆறு மாசமா பெருங்களத்தூர்ல என் தங்கச்சி வீட்டு மாடியில கிடந்து, பிசியோதெரபி பொண்ணு வந்து காலத் தூக்கி மடக்கி, ‘ஐயா, பெருவிரல மட்டும் அசைங்க ஐயா’ன்னு கெஞ்சி, ‘வண்டி ஓட்டுறதா நெனச்சுக்கோங்க ஐயா, ஆக்சிலேட்டர மிதிங்க’ன்னு சொல்லி, இவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்து. பேச்சு பாதி வந்துச்சு, கையும் காலும் வரல, இன்னிக்குத்தான் பெரம்பலூர் வீட்டுக்குத் திரும்புறோம். மனுசன் நல்லாத் தூங்கியே எவ்வளவு நாளாச்சு, எழுப்பி, ‘இல்ல, உயிரோட இருக்கீங்களான்னு பாத்தேன்’னா சொல்றது. தொட்டுப் பாக்கலாம். கியர் பக்கத்துலதான் இவரு கை இருக்கு. ஆனா அது வலது கை. அது எப்பவுமே ஜில்லுன்னுதான் இருக்கும், தொட்டா மடங்காது. தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. அதுல என்ன தெரியும். உயிரா இருக்கிற கை அந்தப் பக்கம், கதவு ஓரம், எட்டாது. மூச்சு கேக்குதான்னு ஏசிய நிறுத்தினேன், டயர் சத்தம்தான் கேட்டுச்சு, ஒரு நிமிசத்துல நெத்தியில வேர்வை. மறுபடி போட்டேன். உள்ள இருக்கிற கண்ணாடியத் திருப்பி இவரு பக்கம் வெச்சேன். ஒரு காது தெரியுது, காதுக்கு மேல நரச்ச முடி, கன்னத்துல கொஞ்சம். கன்னம் அசையுதான்னா அசையுது, வண்டி அசைஞ்சா எல்லாந்தான் அசையும். சாமி படம் ஆடுது, டேஷ்போர்டுல எலுமிச்சம்பழம் உருளுது. இப்ப பின்னாடி என்ன வருதுன்னு எனக்குத் தெரியல, பக்கத்துக் கண்ணாடியிலதான் பாக்கணும், அதுல எல்லாம் தூரமாத் தெரியும், தூரமா இருக்காதுன்னு இவரு சொல்லியிருக்காரு.

அப்பத்தான் தோணுச்சு, தப்பு பண்ணிப் பாப்போம்னு. இவரால தாங்க முடியாத தப்பு. ஆரனை அமுக்கினேன், முன்னாடி யாருமே இல்லாம, சும்மா, நீளமா. ‘ஆரன் அடிக்கிறவனுக்கு மூளை இல்ல’ன்னு உடனே வரணும். வரல. வலது பக்கம் ஏறி, போகாம, விடாம, அங்கேயே உக்காந்தேன். பின்னால ஒரு ஆம்னி பஸ்ஸு லைட்ட அடிச்சு அடிச்சுக் காட்டுறான், பக்கத்துக் கண்ணாடி பூரா அவன்தான். ‘அவனுக்கு வழிய விடுடி, உன் அப்பன் வீட்டு ரோடா’ன்னு வரணும். வரல. பயந்து நானே இடது பக்கம் வந்துட்டேன், அவன் விட்ட காத்துல வண்டி ஒரு ஆட்டம் ஆடிச்சு. கடைசியா அதப் பண்ணினேன். இடது இண்டிகேட்டரப் போட்டு அணைக்காம விட்டேன். டிக் டிக் டிக் டிக். அது ஒண்ணு போதும் இவருக்கு. முன்னாடி போறவன் அணைக்காமப் போனாலே, அவன் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் திட்டுவாரு. ஒரு தடவை ஒருத்தன விரட்டிக்கிட்டே தொழுதூர் வரைக்கும் போய், டீக்கடையில நிறுத்தி, ‘சார், உங்க இண்டிகேட்டரு’ன்னு சொல்லிட்டு வந்தாரு, நாங்க போக வேண்டிய கல்யாணத்துக்கு நேரமாச்சு, தாலி கட்டி முடிஞ்சுதான் போனோம். டிக் டிக் டிக். ஓங்கூர்ப் பக்கம் போற பஸ் ஒண்ணு எதிர்ல போச்சு, ஒரு பள்ளிக்கூடம் போச்சு, சவுக்குத் தோப்பு ஒண்ணு வந்து முடிஞ்சுச்சு. டிக் டிக். காதுல நரச்ச முடி. எனக்கே தலை வலிக்குது, அணைக்க மனசு வரல. அணைச்சா அவ்வளவுதான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு தோணுச்சு.

போன் அடிச்சுச்சு. மேப்பு போய் இளம்பரிதி முகம் வந்துச்சு, பட்டமளிப்பு அங்கி போட்ட படம். பெங்களூருல ஆபீஸ்ல இருக்கான், இந்த நேரத்துல கூப்பிட மாட்டானே. அவன் வெச்ச பாட்டு, காது கிழியிற பாட்டு, கார் பூரா அடிக்குது. இவரு அசையல. அதுக்குமா அசையல. பச்சைய அமுக்கி ஸ்பீக்கர்ல போட்டேன். ‘அம்மா, எங்க இருக்கீங்க, வண்டி ஓடுதா?’ன்னான். ‘ஓடுதுப்பா, விக்கிரவாண்டி வரப் போவுது’ன்னேன். ‘அப்பாவுக்கு என்னம்மா?’ இவனுக்கு எப்படித் தெரியும். ‘ஏன்ப்பா.’ ‘எனக்கு அலாரம் வந்துச்சும்மா. வாட்ச்சுல பல்ஸ் நூத்தி முப்பதுன்னு காட்டுது. கால் மணி நேரமா இறங்கவே இல்ல. அப்பா என்ன பண்றாரு?’ ‘தூங்குறாருப்பா.’ ‘தூங்கும்போது எப்படிம்மா நூத்தி முப்பது போவும்? நீங்க நல்லாப் பாத்தீங்களா?’ நூத்தி முப்பது. அப்ப இதயம் ஓடுது. ஓடுதே, நூத்தி முப்பதுன்னா ஓடுதுன்னுதானே அர்த்தம், முருகா, ஓடுதுன்னு ஒரு கணம் சிரிப்பே வந்துருச்சு எனக்கு. அப்புறந்தான் ஸ்டியரிங்க பிடிச்சிருக்கிற என் கையப் பாத்தேன். வளையலுக்கு மேல கறுப்பா அந்த வாட்ச்சு.

அது அவன் வாங்கிக் குடுத்தது. கட்டினவங்க நெஞ்சு துடிக்கிறது, தூங்குறது, நடக்கிறது எல்லாம் அங்க பெங்களூருல அவன் போன்ல தெரியும். இவரு ரெண்டு வாரம் கட்டியிருந்தாரு, அப்புறம் ‘நான் என்ன ஜாமீன்ல வந்த கைதியா’ன்னு கழட்டி வீசினாரு. கழட்டினா அவன் உடனே போன் பண்ணுவான், அப்பா வாட்ச் எங்கம்மா, அப்பா வாட்ச் எங்கம்மான்னு. தூரத்துல இருக்கிற பிள்ளை, எத்தனை தடவை பதறும். நான் எடுத்துக் கட்டிக்கிட்டேன். அவனுக்கு நிம்மதி, இவருக்கு நிம்மதி. வீடியோவுல பேசும்போது மட்டும் புடவைத் தலைப்பக் கை மேல போட்டுக்குவேன். போன வாரங்கூட அவன் கேட்டான், ‘ஏம்மா, அப்பா ராத்திரியில மூணு மணி நேரந்தான் தூங்குறாரு, டாக்டர்கிட்ட சொன்னீங்களா?’ சொல்றேன்ப்பான்னேன். என்னத்தச் சொல்றது. இவரு நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கினாரு. பக்கத்துல உக்காந்து அந்தக் குறட்டை நிக்காம வருதான்னு பாத்துக்கிட்டிருந்தது நான்.

‘அம்மா, வண்டிய நிறுத்துங்க. நான் நூத்தியெட்டுக்குப் போன் பண்றேன்’னு அவன் கத்துறான். ‘இளா, வேணாம், கேளு.’ இவரு பக்கம் ஒரு தடவை பாத்தேன். காது அப்படியே இருக்கு. ‘அந்த வாட்ச்சு அப்பா கையில இல்ல. என் கையில இருக்கு. ரொம்ப நாளா என் கையிலதான் இருக்கு. அந்த நூத்தி முப்பது நான்.’ அவன் ஆபீஸ்ல யாரோ சிரிக்கிறது கேட்டுச்சு. ‘அப்ப தூங்காதது?’ன்னான். ‘அதுவும் நாந்தான். சரி, போன வெய்யி, ஓட்டும்போது பேசக் கூடாது.’ சிவப்ப அமுக்கிட்டேன். மேப்பு திரும்பி வந்துச்சு, அந்தப் பொம்பளை நேராப் போங்கன்னா. அவளுக்கென்ன, எல்லாருக்கும் நேராப் போங்கன்னு சொல்லுவா.

இவ்வளவு பேச்சு பேசியிருக்கேன், பாட்டு அடிச்சிருக்கு, பையன் கத்தியிருக்கான், இவரு எழுந்திருக்கல. இனிமே தூக்கம்னு எப்படிச் சொல்லிக்கிறது. நிறுத்து வேணி, ஓரமா நிறுத்து. ஓரத்துல நிறுத்தாதன்னு இவருதான் சொல்லியிருக்காரு, ஹைவேயில ஓரமா நிக்கிற வண்டிய லாரி வந்து தட்டும், தூங்கிக்கிட்டே வருவான், கடை இருந்தா நிறுத்து, டோல் இருந்தா நிறுத்து, சும்மா ஓரத்துல நிறுத்தவே நிறுத்தாத. டோல் வந்துரும். டோல்ல ஆம்புலன்ஸ் நிக்கும், தாண்டினா முண்டியம்பாக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அது வரைக்கும் போயிடலாம். நெசம் அதுவா? நெசம் என்னன்னா நிறுத்தினா தெரிஞ்சுரும். வண்டி ஓடுற வரைக்கும் இவரு தூங்குறாரு. நிறுத்தி, இறங்கி, அந்தப் பக்கம் போய், கதவத் திறந்தாத்தான் வேற ஏதாவது. அப்ப நான் யாரக் கூப்பிடுவேன், இந்த வெயில்ல, வெள்ளரிக்காக்காரியையா. வாய மூடச் சொன்னேனே, நான் சொன்ன கடைசி வார்த்தை அதுவா ஆயிடுமா. காபிய மிச்சம் வெச்சாரே, முப்பது வருசத்துல காபிய மிச்சம் வெச்சதில்லையே. ஏன் அப்பவே எனக்கு உறைக்கல. பேசுங்க. எதையாவது பேசுங்க. சட்னி நல்லா இல்லன்னு சொல்லுங்க. இனிமே வாழ்நாள்ல உங்கள வாய மூடச் சொல்ல மாட்டேன், லாரிக்காரன் மேல தப்பில்ல, ஆம்னி பஸ் மேலதான் தப்பு, நான் ஒத்துக்கிறேன். கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு, ரோடு ரெண்டா தெரியுது. தொடைக்கக் கைய எடுத்தா ஸ்டியரிங்கு. வெள்ளைக்கோட்டப் பாரு. வெள்ளைக்கோட்ட மட்டும் பாரு.

பைக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. நேர் எதிர்ல, என் பக்கத்துல, தப்பு வழியில ஒருத்தன் வர்றான், பின்னால புல்லுக்கட்டு ரெண்டு பக்கமும் விரிஞ்சு, அவன் முகமே அதுக்குள்ள. இடது பக்கம் ஓரத்துல வந்தவன், பள்ளத்த ஒதுக்க நடு ரோட்டுக்கு வந்துட்டான். மிதிச்சேன். இருக்கிற உசிரெல்லாம் கால்ல வெச்சு மிதிச்சேன். டயர் கத்துச்சு, எலுமிச்சம்பழம் பறந்து வந்து கண்ணாடியில அடிச்சுச்சு, வண்டி ஒரு பக்கமா இழுத்து, குலுங்கி, நின்னு போச்சு. எஞ்சினும் அணைஞ்சு போச்சு. பைக்குக்காரன் ஒரு முழம் விட்டு நின்னான், என்னைப் பாத்து அவன்தான் திட்டினான், அப்புறம் புல்லுக்கட்டச் சரி பண்ணிக்கிட்டு சுத்திக்கிட்டுப் போனான். எல்லாம் அடங்கினதுக்கு அப்புறமும் என் காதுல ஒரு சத்தம் மட்டும் இருந்துச்சு. டயர் சத்தம் இல்ல. டயர் கத்துறதுக்கு முன்னாடி, என் பக்கத்துல, கீழ, ‘தொப்’புன்னு ஒண்ணு. எனக்கு முப்பது வருசமாத் தெரிஞ்ச சத்தம்.

குனிஞ்சு பாத்தேன். நான் மடிச்சு வெச்ச துண்டு முன்னால தள்ளிப் போய்ச் சுருண்டு கிடக்கு. மேட்டுல அந்த ஓட்டை மேல, செருப்போட, வலது கால். முட்டி நீண்டு, பாதம் அழுந்தி, ஊனி நிக்குது.

‘கிளட்ச்ச எவன் மிதிப்பான்?’ன்னு ஒரு குரல் வந்துச்சு. குழறலா, கோவமா. ‘கிளட்ச்ச மிதிக்காம பிரேக்க மட்டும் மிதிச்சா வண்டி அணையாம என்ன செய்யும். ஸ்டார்ட் பண்ணு, ஓரங்கட்டு, பின்னாடி எவனாவது வரப் போறான். அந்த இண்டிகேட்டர அணை. எந்த ஊருலேருந்துடி அதப் போட்டுக்கிட்டு வர்ற, என் மண்டையில ஆணி அடிக்கிற மாதிரி.’

ஸ்டார்ட் பண்ணினேன், எப்படிப் பண்ணினேன்னு தெரியாது, ஓரத்துல ஒரு பங்க் வாசல்ல கொண்டு போய் விட்டேன். ‘முழிச்சுக்கிட்டா இருந்தீங்க?’ன்னேன். ‘நீதான வாய மூடச் சொன்ன.’ ‘கூப்பிட்டேனே, பதில் சொல்ல வேண்டியதுதானே, பாவி மனுசா, நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா.’ அழுதேன், ஓன்னு அழுதேன், பெட்ரோல் போடுற பொண்ணு குனிஞ்சு பாத்துச்சு. இவரு இடது கையால என் கையப் பிடிச்சு, வளையல நகத்தி, அந்த வாட்ச்சப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. ‘நீ ராத்திரியில தூங்கறதில்லையா வேணி?’ன்னாரு. நான் வளையல மறுபடி வாட்ச்சு மேல தள்ளினேன்.

‘அது கிடக்கட்டும். கால்’னேன். ‘காலுக்கென்ன.’ ‘கீழ பாருங்க.’ பாத்தாரு. துண்டப் பாத்தாரு, காலப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. வாய் திறந்துச்சு, ரேடியோவுல ஒண்ணும் வரல. ‘இன்னொரு தடவ மிதிங்க’ன்னேன். கால நானே தூக்கி எடுத்து முன்ன மாதிரி துண்டு மேல வெச்சேன். இவரு கண்ண இறுக்கி மூடினாரு. கழுத்து நரம்பு புடைச்சுச்சு, நெத்தியில வேர்த்துச்சு, உதடு கோணிச்சு. நானும் என் கால அமுக்கினேன் கூடவே. துண்டு அப்படியே கிடந்துச்சு. பெருவிரல் கூட அசையல. மூச்ச விட்டாரு. ‘வரலியே’ன்னாரு, சின்னப் பிள்ளை மாதிரி. நான் எலுமிச்சம்பழத்த எடுத்து இருந்த இடத்துல வெச்சேன்.

கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு லாரி போச்சு, ஒரு கவர்மென்டு பஸ் போச்சு. ‘எடு’ன்னாரு.

‘என்னத்த?’

‘வண்டிய. நாம முயற்சி பண்ணினா அது வராது. நீ ஓட்டு. நீ ஓட்டுற லட்சணத்துக்கு அது தானா மிதிக்கும்.’

சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு எனக்கு. கிளட்ச்ச மிதிச்சேன், கியரப் போட்டேன். ‘பேசிக்கிட்டே வாங்க’ன்னேன், ‘நிறுத்தாமப் பேசணும், பெரம்பலூர் வரைக்கும்.’

‘பேசுறேன். மொதல்ல கண்ணாடியத் திருப்பு’ன்னாரு. ‘என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு எந்த ஊருக்குப் போவ நீ.’